சக்கரபாணியின் எடையில்லாப் பை

ஐப்பசி பிறந்த கையோடு சக்கரபாணி ஒரு முடிவுக்கு வந்தார். கொல்லிமலை ஏறுவது. பஸ்ஸில் அல்ல. முதுகில் பையை மாட்டிக்கொண்டு, காட்டு வழியாக, தன் சொந்தக் கால்களால்.

நெய்வேலியிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு மலை என்றால் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடுதான். அதன் மேலும் அவர் ஏறியதில்லை. ஜீப் ஏறும்; இவர் உள்ளே உட்கார்ந்திருப்பார். ஆனாலும் ஒரு வாரமாகப் போனில் வெள்ளைக்காரர்கள் மலையேறும் வீடியோவாகப் பார்த்துப் பார்த்து, அவருக்கே லேசாக மூச்சு வாங்கியது. அதையே பயிற்சி என்று எடுத்துக்கொண்டார்.

"அம்சா, நான் மலைக்குப் போறேன்."

அம்சவல்லி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "மாலை போடாமயா?"

"அந்த மலை இல்ல. கொல்லிமலை. டிரெக்கிங்."

"அங்க என்ன வேண்டுதல்?"

"வேண்டுதல் ஒண்ணும் இல்ல. சும்மா ஏறணும், எறங்கணும்."

"சும்மா ஏறி எறங்க எதுக்கு அம்மாந்தூரம்? பரண் மேல ஏறி அண்டாவ எறக்கித் தாங்கன்னு பொங்கல்ல இருந்து சொல்லிக்கினு இருக்கேன்."

சக்கரபாணி காது கேட்காதவர் போல விஷயத்தை விளக்கினார். பக்கத்துத் தெரு பொற்கொடி டீச்சர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லித் தருகிறவர், காலையில் நடப்பவர்களையெல்லாம் சேர்த்து வருஷா வருஷம் ஒரு மலைக்கு அழைத்துப் போகிறார். இந்த வருஷம் கொல்லிமலை. வேனில் இடம் குறைவு என்பதால் ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான்.

அம்சவல்லியின் கத்தி நின்றது. "அங்க ஆகாய கங்கைன்னு ஒரு அருவி இருக்காமே. நான் போவட்டா? நீங்க என்னை இதுவரைக்கும் ஏத்துன பெரிய மலை விருத்தாசலம் ஸ்டேஷன் மேம்பாலம்."

"நீயா?" சக்கரபாணி சிரித்தார். சிரிப்பு முடிந்தும் முடியாமல் இன்னொரு தடவை சிரித்தார். "மழைக்காலம் அம்சா. வழுக்கும். அட்டை கடிக்கும். தோள்ல மூட்டை வேற. மார்க்கெட்ல இருந்து கத்தரிக்காய் தூக்கியாற மாதிரியா?"

"ம்," என்றாள் அம்சவல்லி.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த 'ம்'முக்கு அர்த்தம் தெரிந்துகொள்ளாமல் இருந்ததுதான் சக்கரபாணி செய்த பெரிய சாதனை.

"சரி, நம்ம வூட்ல இருந்து ஆள் வருதுன்னு டீச்சர்கிட்ட நானே சொல்லிட்டு வந்துர்றேன்," என்று அவள் செருப்பை மாட்டியபோது, இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

அடுத்தது பை. சாதாரணப் பை இல்லை. 'அல்ட்ரா லைட்'. வெறும் பை ஒரு பூசணிக்காய் கனம் இருந்தால் மனுஷன் எப்படி ஏறுவான்? பையே காற்று மாதிரி இருக்க வேண்டும் என்பது வீடியோக்காரர்களின் வாக்கு. மெயின் பஜாரில் குடை, ரெயின்கோட், பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் வாஹித்திடம் போய் விசாரித்தார்.

"பாய், அல்ட்ரா லைட் பை இருக்கா?"

"லைட்டுன்னா எரியுமாண்ணே?"

"எரியாது பாய். கனம் இல்லாதது."

"நாட்டுக்கே நம்ம ஊர்ல இருந்துதான் லைட்டு போவுது. நீங்க வெளியூர்ல இருந்து லைட்டு வரவழைக்கிறீங்க." வாஹித் ஸ்கூல் பை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு கரடி சிரித்துக்கொண்டிருந்தது. சக்கரபாணி சிரிக்கவில்லை.

ஆன்லைனில்தான் வாங்குவது என்று முடிவாயிற்று. அங்கே ஒரு சிக்கல். மலைப்பைக்கு ஆள் உயரம் கணக்கில்லையாம். முதுகின் நீளம்தான் கணக்காம். கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளக்க வேண்டும். சரியாக அமைந்தால் பாரமெல்லாம் இடுப்பில் உட்காரும். தோளுக்கு வேலையே இல்லை. தப்பினால் மலை முழுக்க முதுகில் உட்காரும்.

தன் முதுகைத் தானே அளக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடினார் சக்கரபாணி. டேப் கழுத்தில் சுற்றிக்கொண்டதுதான் மிச்சம். ரவிக்கை தைத்துப் பழகிய அம்சவல்லி வந்து அவிழ்த்துவிட்டாள்.

"சுவத்தப் பாத்து நில்லுங்க. மூச்ச அடக்குங்க. பேசாதீங்க. பேசினா அளவு ஏறிடும்."

பேசவில்லை. பின்னால் என்னவோ சரசரத்தது. அம்சவல்லி ஒரு எண்ணைச் சொன்னாள். போனில் பார்த்தால், இருப்பதிலேயே சின்ன சைஸ்.

"சின்னதா? நான் ஆறடிக்கு இருக்கேனே!"

"உங்க உயரமெல்லாம் காலுங்க. முதுகு குட்டை."

சக்கரபாணி கண்ணாடி முன் நின்று திரும்பிப் பார்த்தார். உண்மைதான் போலிருக்கிறது. நீளக் கால், குட்டை முதுகு. மலையேறவே செய்த உடம்பு! கறுப்பு நிறத்தைத் தேர்ந்தெடுக்கப் போனவரை அம்சவல்லி தடுத்தாள். "மயில் கழுத்துக் கலர்ல போடுங்க. காட்டுல தொலைஞ்சா தேடுறவங்க கண்ணுல படணும்ல." இந்த அக்கறையும் அவருக்குப் பிடித்திருந்தது.

பை வந்தது. காகிதம் மாதிரி இருந்தது. ஊதினால் பறந்தது. சக்கரபாணிக்குத் தலைகால் புரியவில்லை. இனி உள்ளே போகும் ஒவ்வொன்றின் கனத்தையும் குறைப்பது என்று கிளம்பினார். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தார். சட்டைக் காலரில் இருந்த கம்பெனிச் சீட்டை வெட்டினார். சோப்பை நாலாகக் கீறினார். சீப்பில் பாதிப் பல்லைப் பிடுங்கினார். தலையிலும் பாதிதான் மிச்சம் என்பது அவர் நியாயம்.

"எல்லாக் கனத்தையும் கொறைச்சிட்டீங்க," என்றாள் அம்சவல்லி, "தலைக்கனத்தத் தவிர."

பிறகு மழை. சுரங்கத்தில் நீரிறைக்கும் பிரிவில் வேலை அவருக்கு. "பூமிக்கு அடியில இருக்கிற தண்ணியையே உறிஞ்சி வெளிய அனுப்புறவன் நான். மேல இருந்து வர்ற தண்ணி என்ன பண்ணிரும்?" என்று, பையோடு வந்த மழை உறையை மாட்டினார். உள்ளே கனத்துக்காக ஒரு பொட்டலம் கோதுமை மாவை வைத்தார். குளியலறை ஷவருக்குக் கீழே பையை நிறுத்திவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திறந்தார்.

அம்சவல்லி எட்டிப் பார்த்தாள். "அட, மாவு பெசஞ்சே குடுத்துட்டீங்களே! உப்பு மட்டும்தான் போடல."

உறை என்பது வெளியே நனையாமல் காப்பதற்கு. முதுகுப் பக்கமாகவும் தையல் வழியாகவும் தண்ணீர் இறங்கத்தான் செய்யும் என்று அன்று அவருக்குப் புரிந்தது. அன்றிரவு சப்பாத்தி. மறுநாளும் சப்பாத்தி. வாஹித் கடையில் தடிமனான பாலித்தீன் பை ஒன்று வாங்கிவந்து, மலைப்பையின் உள்ளே அதை விரித்து, அதற்குள் சாமானை வைத்தார். இந்த முறை மாவுக்குப் பதில் அப்பளம். ஷவர் ஊற்று ஊற்றென்று ஊற்றியது. அப்பளத்தை எடுத்து ஒடித்தார். 'படக்'கென்று ஒடிந்தது. சக்கரபாணி குளியலறையிலேயே ஒரு சுற்று ஆடினார்.

"வாய எப்புடி மூடுனீங்க?" என்றாள் அம்சவல்லி.

"கேளு. காத்த வெளியேத்தணும். வாய முறுக்கணும். முறுக்குனத மடக்கிக் கட்டணும்."

"தூங்கறப்ப போட்டுக்கற துணி?"

"அது தனியா ஒரு பையில. என்ன ஆனாலும் அது நனையக் கூடாது. ஈரச் சட்டைய உள்ள வைக்கவே கூடாது, வெளிப் பாக்கெட்ல."

"கனமானது அடியிலயா, மேலயா?"

"முதுகுக்கு ஒட்டினாப்புல. நடுவுல."

இவ்வளவு ஆர்வமாக அவள் அவரிடம் எதையுமே கேட்டதில்லை. நாள்தோறும் பாடம் நடந்தது. "எங்க, நீ ஒரு தடவ கட்டிக் காட்டு பாப்பம்," என்பார். கட்டிக் காட்டுவாள். முதலில் தப்பாக, பிறகு சரியாக, பிறகு அவரைவிட வேகமாக. மனைவிக்கு அறிவு வளர்கிறது என்று வாஹித்திடம் சொல்லிப் பெருமைப்பட்டார். வாஹித் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் மனைவி நூர் நிஷா இருக்கிறாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் காலை வெள்ளோட்டம். எல்லோரும் முழுப் பாரத்தோடு டவுன்ஷிப்பைச் சுற்றி நடக்க வேண்டும். பொற்கொடி டீச்சர் விசிலோடு பின்னால் வருவார். வேடிக்கை பார்க்க அம்சவல்லியும் வந்தாள். சுடிதார், கேன்வாஸ் ஷூ. "ரோட்ல கல்லு குத்துதுங்க," என்றாள்.

சக்கரபாணி முதன்முதலாகப் பையை முழுப் பாரத்தோடு மாட்டினார். இடுப்பில் உட்கார வேண்டிய பட்டை விலா எலும்பில் உட்கார்ந்தது. தோள்பட்டை வார் அக்குளைப் பிடித்து மேலே தூக்கியது. தம்பியின் சட்டையை அண்ணன் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனால் வீரம் விடுமா? நடந்தார். ஒரு பிளாக் தாண்டியதும் லேசாகக் குனிந்தார். இரண்டாவது பிளாக்கில் நன்றாகக் குனிந்தார். மார்க்கெட் திரும்பும்போது தரையில் எறும்பு போவது தெரிந்தது. எதிரில் வந்தவர், "என்ன சார், சாவியத் தொலைச்சிட்டீங்களா?" என்று கூடவே குனிந்து தேட ஆரம்பித்தார்.

நிமிரப் பார்த்தார். முதுகு 'கடக்' என்றது. அவ்வளவுதான். அப்படியே நின்றுபோனார்.

டீச்சர் ஓடிவந்து பையைக் கழற்றினார். "என்ன சார் இது, இது உங்க முதுகுக்கு உண்டான பையே இல்லியே! யார் அளவெடுத்தது?"

"இங்க குடுங்க டீச்சர், நான் வூடு வரைக்கும் தூக்கியாரேன்," என்று அம்சவல்லி கை நீட்டினாள். மாட்டினாள். இடுப்பில் ஒரு கொக்கி, நெஞ்சில் ஒரு கொக்கி, இரண்டு வாரை இழுத்தாள். பை அவள் முதுகிலேயே முளைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. மயில் கழுத்துக் கலர் அவள் சுடிதாருக்கும் பொருத்தமாக இருந்தது. கூட்டமே கை தட்டியது. கை தட்டியது யார் யார் என்று சக்கரபாணியால் பார்க்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஷூக்கள்.

"டீச்சர், நான் பேர் குடுத்திருக்கேன்," என்றார் தரையைப் பார்த்தபடியே.

"பேரா? உங்க வூட்ல இருந்து ஆள் வருதுன்னுதானே மேடம் சொன்னாங்க. அதான் வந்திருக்காங்களே!"

வீட்டில் குப்புறப் படுக்கவைத்துத் தைலம் தேய்த்தாள் அம்சவல்லி. கை இதமாகத்தான் இருந்தது. தலையணைக்குள்ளிருந்து சக்கரபாணியின் குரல் வந்தது.

"அம்சா, உண்மையச் சொல்லு. அன்னிக்கு நீ அளந்தது என் முதுகா?"

"ஒரு முதுக அளந்தேன்."

"யார் முதுகு?"

"சுவத்தப் பாத்துக்கினு நின்னவரு நீங்க. நான் கண்ணாடியப் பாத்துக்கினு நின்னேன்."

அம்சவல்லி இன்னும் கொஞ்சம் தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டாள்.

"நேராக் கேட்டிருக்கலாமே அம்சா."

"நேராத்தான் கேட்டேன். ரெண்டு தடவ சிரிச்சீங்க."

நினைத்துப் பார்த்தால், அவர் சிரித்தது உண்மைதான். "அட்டைக்கு உப்பு எடுத்துக்கினு போ," என்றார் மெதுவாக. அம்சவல்லி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். சரியான இடத்தில் தட்டியதால் அவர் 'அம்மா' என்று அலறினார்.

விடிவதற்குள் வேன் கிளம்பியது. மறுநாள் மத்தியானம் போன் வந்தது. அருவி இரைச்சலுக்கு நடுவே அம்சவல்லி கத்தினாள். "என்னங்க! ஆகாய கங்கை! பேய் மழை! நான்தான் மொத ஆளா எறங்கினேன்!"

சக்கரபாணி கம்பை ஊன்றிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தானே. "உள்ள ஏதாச்சும் நனைஞ்சுதா?"

"ஒரு பொட்டுத் தண்ணி இல்ல! எல்லாரும் ஈரத்துல நடுங்குறாங்க, நான் மட்டும் காய்ஞ்ச துணி! டீச்சரே எங்கிட்ட கத்துக்கினாங்க!"

"யார் சொல்லிக்குடுத்தது?"

"நீங்கதான், நீங்கதான்! அங்க மழையா?"

"காலையில இருந்து ஊத்துது."

"ஐயோ! கொல்லையில துணி காயப் போட்டுட்டு வந்தேனே, எடுத்தீங்களா?"

சக்கரபாணி ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறத்தைப் பார்த்தார். "எடுக்கலியே அம்சா. சொட்டச் சொட்ட நனையுது."

"விடுங்க, விடுங்க," என்றாள் அம்சவல்லி ஆறுதலாக. "அதுல என்னுது ஒண்ணுகூட இல்ல. எல்லாம் உங்க துணிதான்."