சுடுபாறையும் செல்வியின் சாக்ஸும்

எந்த மலையாக இருந்தாலும் அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிடுவது என் வழக்கம். மலை என்றால் எனக்கு முருகன்தான். அவர்மேல் செருப்புக் காலை வைக்க மனசு வராது. (பத்தாவதோடு நிறுத்தியது படிப்பை மட்டும்தான், பக்தியை அல்ல.)

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு என் மனைவி செல்வி, திருநகரில் ஒரு மலையேறும் குழுவில் சேர்ந்தாள். ஐம்பது வயதில் ஷூ, தொப்பி, கழுத்தில் விசில். ஞாயிறு தவறாமல் கிளம்பிவிடுவாள். பௌர்ணமிதோறும் திருப்பரங்குன்றத்தைத் தனியாளாகச் சுற்றி வருகிறவன் நான். மலை ஏற எதற்குக் கூட்டம், பெயர்ப் பட்டியல், விசில் என்று தினமும் பிரசங்கம் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை, தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு நாங்க நாகமலைக்குப் போறோம். நீங்களும் தனியா ஏறி இறங்கிக் காட்டுங்க. காட்டிட்டா நான் குழுவை விட்டுர்றேன்."

விடிந்ததும் பஸ் பிடித்தேன். அடிவாரத்தில் செருப்பை ஜோடியாக வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஏறினேன். ஏறியது உண்மை. உச்சியில் நின்று திருப்பரங்குன்றம் இருந்த திசைக்கு ஒரு கும்பிடும் போட்டேன். இறங்கத்தான் வழி பிடிபடவில்லை. எந்தப் பக்கம் போனாலும் முள். சுற்றிச் சுற்றி அதே பாறைக்கு வந்தேன். (கிரிவலம் பழகிய கால்கள் அல்லவா!) பத்தரை மணிக்குப் பாறை தோசைக்கல்லானது. கால் மாற்றிக் கால் தூக்கி ஆடினேன். தோளில் காவடி இல்லாதது ஒன்றுதான் குறை. கடைசியில் ஒரு புதரின் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்து, முருகனைக் கூப்பிட்டேன்.

விசில் சத்தம் வந்தது.

வரிசையாக இறங்கி வந்தது செல்வியின் குழு. எல்லோருக்கும் பின்னால் அவள். யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது கடைசி ஆளின் பொறுப்பாம், அன்றுதான் தெரிந்தது. முன்னால் வந்த இளைஞர், "யாருக்கா இவரு?" என்று கேட்டார்.

செல்வி என் காலைப் பார்த்தாள். "வழி தவறுனவரு தம்பி. லிஸ்ட்ல சேத்துக்கங்க. அட்ரஸ் நான் சொல்றேன்."

இருபது பேரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. அதற்குள் அவள் பையிலிருந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட இரண்டு ஜோடி பூப்போட்ட சாக்ஸ் எடுத்து நீட்டினாள். மலைமேல் இதைப் போடலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"முருகன்தான் எடுத்து வைக்கச் சொன்னாரு. மாட்டுங்க."

முப்பது வருஷமாக நான் முன்னால் நடப்பேன், அவள் பின்னால் வருவாள். அன்றும் அப்படித்தான். ஆனால் இந்தக் கல்லில் வைங்க, அந்தக் கல் ஆடும் என்று ஒவ்வொரு அடியும் அவள் சொன்னபடி. அவள் விசிலுக்கு அத்தனை பேரும் நின்றார்கள், நடந்தார்கள். எனக்குக் கால் எரிந்தது, நெஞ்சு நிறைந்துவிட்டது.

இப்போது பௌர்ணமிக்கு நான் தனியாள். ஞாயிறன்று அவள் பட்டியலில் கடைசிக்கு முந்தின பெயர்.

எந்தக் கடை வாசலில் நான் செருப்பைக் கழற்றினாலும் மருமகன் சும்மா விடமாட்டார். "மாமா, அத்தைக்குப் போன் போடவா?"

"போடுங்க மாப்ள," என்பேன். "விசிலோட வந்துருவா."