மேகம் பார்த்து வாங்கிய பங்கு

வானத்தை நம்பிக் கெட்ட குடும்பம் எங்களுடையது. அதே வானத்தை வைத்துச் சம்பாதித்துக் காட்டுவது என்று சபதம் எடுத்தேன்.

செல்போனில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வெயில் அடித்தால் மனிதன் உற்சாகமாகிப் பங்கு வாங்குவானாம், விலை ஏறுமாம். மேகம் மூடினால் சோர்ந்துபோய் விற்பானாம், விலை இறங்குமாம். ஆகவே, மேகத்தில் வாங்கு, வெயிலில் வில். தொழில் அவ்வளவுதான்.

மனைவி சண்முகவள்ளியிடம் சொன்னேன்.

“அது பண்ணைக்குட்டைக்கு மோட்டார் வாங்க வச்சிருக்க மிளகா காசுங்க.”

“மோட்டார் என்ன, மோட்டார் கம்பெனியவே வாங்குவோம்.”

“பங்குச்சந்தை பம்பாய்லல்ல இருக்கு? அங்கன மேகமா வெயிலான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வானம் ஒண்ணுதான புள்ள.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பாதிய எடுத்துக்கங்க. பாதி எங்கிட்ட இருக்கட்டும்.”

கட்டுரை எழுதியவன் ராமநாதபுரத்தைப் பார்த்தவனில்லை. இங்கே மேகத்தைக் கண்டு எவன் சோர்வான்? பாம்பன் பக்கம் லேசாகக் கறுத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்காது. அந்தச் சந்தோஷத்தில் விலையை யார் பார்த்தது? கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். மேகம் எங்கள் ஊரைத் தாண்டி மதுரையில் போய்ப் பெய்தது. மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. செடி போச்சு, எல்லாம் போச்சு என்று கேட்ட விலைக்கு விற்றேன். அடுத்த மேகத்துக்கு மறுபடி குதித்தேன்.

என் பாதி கரைந்தது. மிளகாய்ச் செடி கண் முன்னே வாடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

அழுது முடித்து வந்தால் வாசலில் குட்டியானை வண்டி. அதில் புது மோட்டார்.

“பாதிக் காசுல முழு மோட்டார் எப்படி வந்துச்சு?”

“நம்ம பக்கத்து வீட்டுச் சிநேகாட்டச் சொல்லி எம் போன்லயும் கணக்குத் தொறந்தேன். நீங்க இடிஞ்சு ஒக்காந்து வித்த அன்னைக்கெல்லாம் வாங்குனேன். நீங்க குதிச்சு வாங்குன அன்னைக்கெல்லாம் வித்தேன்.”

“நீ வானத்தப் பாக்கவே இல்லையா?”

“அது எதுக்கு? ஒங்க மூஞ்சியே போதுமா இருந்துச்சு.”

மோட்டாரைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். “இனிமே பங்குப் பக்கமே தலவச்சுப் படுக்க மாட்டேன்.”

இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவள் முகம் வாடியது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, கொஞ்சம் பணத்தை என் கையில் திணித்தாள்.

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நீங்க விட்டுட்டா நான் எதப் பாத்து வாங்குறது?”