சட்டையில் எழுதிய சட்டம்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிள்ளைக்கு அளவாகச் சாப்பாடு கொடுப்பது எந்தத் தாயாலும் ஆகாத காரியம். உங்கள் அடுப்பை நீங்கள் அணைக்கலாம். வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் மற்றக் காம்பரா வீடுகளின் அடுப்பை யார் அணைப்பது?

என் மகன் கிஷோவுக்கு அப்போது நான்கு வயது. கிளினிக்கில் தராசில் ஏற்றி நிறை பார்த்த மிட்வைஃப் மிஸ் என்னை முறைத்தார். (மற்றத் தாய்மாருக்கு 'நிறை காணாது' என்று ஏச்சு. எனக்கு 'கூடிப்போச்சு' என்று ஏச்சு!)

"சீனித் தேத்தண்ணி, பிஸ்கட், டீவி பாத்துக்கிட்டே சாப்பிடுறது எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. அடுத்த மாசமும் ஏறுச்சுன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவேன்."

பயந்துவிட்டேன். லயத்துப் படியேற மூச்சு வாங்கி அவன் பாதியில் உட்காருவதை நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

டீவியை அணைத்தேன், சீனிப் போத்தலை ஒளித்தேன். பிறகுதான் தெரிந்தது, பயல் வாசல் வாசலாகப் போய், "சாப்பிட்டியா சாமி?" என்று யார் கேட்டாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "இல்ல" என்கிறான். ஒரு வீட்டில் ரொட்டி, அடுத்த வீட்டில் சீனி போட்ட பால்தேத்தண்ணி.

பக்கத்துக் காம்பரா செல்வி அக்காவிடம் சண்டைக்கே போனேன்.

"புள்ள பசின்னு நிக்கிது, பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? மொதல்ல நீ ஒழுங்கா சோத்தப் போடு!" என்றார்.

எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (முன்பள்ளி டீச்சர் மூளை, கேட்கவா வேண்டும்!) அவனுடைய சட்டைகளின் முதுகில் மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'எனக்குச் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம்.'

லயமே சிரித்தது. ஆனால் ஒருவரும் எதுவும் கொடுக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று கிளினிக்குக்குப் போனால், நிறை இன்னும் ஏறியிருந்தது!

"சத்தியமா வீட்டுச் சோத்தத் தவிர ஒண்ணுமில்ல மிஸ்!"

மிஸ் நம்பவில்லை. கடிதத்தை எழுதிக் கையில் தந்துவிட்டார்.

திரும்பி வரும்போது, லயத்துப் படியடியில் இருக்கும் சந்திக் கடைச் சிங்கள முதலாளி எங்களைக் கண்டதும், கேட்காமலே ஒரு பன்னை, எங்கள் ஊர்ப் பேச்சில் பணிஸை, எடுத்து நீட்டினார்.

"என்ன முதலாளி இது?"

"ஏன் டீச்சர், நீங்கதானே எழுதி அனுப்புறது? நமக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே. பையன்கிட்ட கேட்டது. 'பசிக்குது, பணிஸ் குடுங்க'ன்னு அம்மா எழுதியிருக்குன்னு சொன்னது. பாவம்னு தினம் குடுக்குறது."

அ, ஆ கூடத் தெரியாத பயல் என் எழுத்துக்கு உரை சொல்லியிருக்கிறான்! நடுச்சந்தியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதே சட்டையில் சிங்களத்திலும் எழுதித் தந்தார். அதன் பிறகுதான் நிறை மெல்ல மெல்ல இறங்கியது.

இப்போது கிஷோ ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறான். ஒல்லிக்குச்சி. படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறான். எனக்குத்தான் இப்போது சீனி வருத்தம், நீரிழிவு. கல்யாண வீட்டுப் பந்தியில் லட்டுத் தட்டு என் பக்கம் வரும்போதெல்லாம் பின்னால் வந்து நின்று, என் முதுகை உற்றுப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி படிக்கிறான்:

"எனக்குச் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம்!"

பந்தியே சிரிக்கிறது. லட்டு என்னைத் தாண்டிப் போகிறது. இப்போது மட்டும் எழுத்துப் பிசகாமல் வாசிக்கிறான், பாவி!