செல்லுக்குக் கட்டுப்போட்ட பால்பாண்டி

பிள்ளைகளைச் செல்போனிலிருந்து மீட்பதற்கென்றே பிறவி எடுத்த அப்பாக்கள் இருக்கிறார்களே, அவர்களை நீங்கள் தேடிப் போக வேண்டாம். விடிந்ததும் வாட்ஸ்அப்பைத் திறந்தால் போதும், 'செல்போனால் சீரழியும் பிள்ளைகள்' என்று வரிசையாக வீடியோ அனுப்பிவிட்டு, பார்த்தீர்களா என்று போனும் போடுவார்கள். இராஜபாளையம் பால்பாண்டி இந்த இனத்தில் முதல் தரம்.

பிளஸ் ஒன் படிக்கும் மகள் மாரிக்கனி இன்ஸ்டாகிராமில் இருப்பதை அவர் கண்டுபிடித்தார். எப்படி? அவரும் அங்கேதான் இருந்தார்! உடனே அவள் செல்லைப் பிடுங்கி, தான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனித் துணியால் சுற்றோ சுற்றென்று சுற்றி, பிளாஸ்திரி ஒட்டி, தலையணைமேல் கிடத்திப் படம் எடுத்து, "என் மகளைக் காப்பாற்றிவிட்டேன்" என்று எழுதிக் குடும்பக் குரூப்பில் போட்டார். பிறகு பாராட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

பாராட்டு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தங்கை பிச்சையம்மாளின் அழுகைதான் போனில் வந்தது.

"அண்ணே, புள்ளைக்குக் கையா, காலா? வேன் பிடிச்சு எல்லாரும் வாரோம்!"

"ஏட்டி, அது செல்லு..." என்பதற்குள் வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை.

பால்பாண்டி யோசித்தார். வேன் வைத்து வருகிறவர்களிடம் செல்லைக் காட்டினால் குடும்பத்தில் இனி எவன் மதிப்பான்?

"ஏட்டி கனி, அந்தப் படத்தை அழிச்சிருட்டி."

"அம்புட்டுப் பேரும் பாத்துட்டாங்கப்பா. இனி யாருக்காவது அடிபட்டாத்தான் உண்டு."

"யாருக்கு?"

"செல்லைக் குடுங்க. துணி உங்களுக்கு வேணும்."

வேன் வந்தபோது பால்பாண்டியின் வலது கை, பெருவிரல் முதல் முழங்கைவரை வெள்ளை வெளேரென்று இருந்தது. "என்னைய மாடு முட்ட வந்துச்சு அத்தை, அப்பாதான் குறுக்க விழுந்தாரு" என்றாள் மகள். பிச்சையம்மாள் தேம்பித் தேம்பி அழுதபடி அண்ணன் வாயில் பால்கோவாவைத் திணித்தாள். "கட்டு அவுக்குற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்" என்று சத்தியமும் செய்தாள்.

சாயங்காலத்துக்குள் பால்பாண்டி தவித்துப் போனார். செல் சிணுங்குகிறது, வலது கை வராது, இடது கைக்குப் பழக்கமில்லை. தங்கை அடுப்படிக்குப் போன சமயம் பார்த்து, "கனி, செத்த நேரம் திரையைத் தள்ளிவிடேன்" என்று கெஞ்சினார்.

மாரிக்கனி அவர் செல்லை எடுத்து முன்னால் பிடித்தாள்.

"அரை மணி நேரந்தான்ப்பா. பொறவு கண்ணு கெட்டுரும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அடுத்து என்ன வருகிறதென்று இந்தப் பக்கத்தைப் பெருவிரலால் மேலே தள்ளிப் பார்த்தீர்களே, இது காகிதம் ஐயா.