கண்ணாடிப் பேழையில் பேரரசுகள்

மனிதகுலத்தின் அறிவெல்லாம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், தயங்காமல் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் கண்ணாடிப் பேழையைக் காட்டலாம். ‘குறிப்பிடத்தக்க புதிய ஆய்வு நூல்கள்’ அதற்குள் விறைப்பாக நின்றன. தேர்வுக் குழு ஒவ்வொரு நூலையும் கையில் வாங்கி, கனம் பார்த்து, மனம் நிறைந்து ஏற்றுக்கொண்டிருந்தது. குழு உறுப்பினர்களே நூலாசிரியர்களாகவும் இருந்ததால் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இருக்கவில்லை.

அவற்றுள் தலையாயது ‘பேரரசுகள் ஏன் சரிகின்றன’. எழுதியவர் வரலாற்றுத் துறைத் தலைவர். தன்னிடம் ஆய்வு செய்த மாணவிக்கு அவர் விதித்த நிபந்தனை மிக எளிது. அந்த நூலிலிருந்து தாராளமாக மேற்கோள் காட்டினால் டாக்டர் பட்டம். இல்லாவிட்டால் இன்னும் ஓராண்டு. அவளுக்கோ உதவித்தொகை நின்றுபோயிருந்தது. “இன்னுமா படிக்கிற?” என்று அம்மா கேட்பாளே என்று பயந்து, வீட்டிலிருந்து வரும் அழைப்புகளைக்கூட எடுக்காமல் இருந்தாள்.

நூலகர் பேழையைத் திறக்க மறுத்தார். படித்தால் புத்தகம் பழசாகிவிடும், பழசானதைப் ‘புதிய நூல்’ என்று எப்படி வைப்பது என்பது அவர் நியாயம். அவள் நடையாய் நடந்து கெஞ்சியதில் மனம் இளகி, தன் கண் முன்னாலேயே உட்கார்ந்து படிக்கச் சொன்னார்.

அட்டையில் இடிந்த கோட்டை. உள்ளே முதலிலிருந்து கடைசிவரை கோழி வளர்ப்பு. அச்சகத்தில் ஒரு புத்தகத்துக்கு இன்னொன்றின் அட்டையைப் போட்டுவிட்டார்கள். எதிரே இருந்த நூலகரிடம் புத்தகத்தைக் காட்டினாள்.

“பக்கமெல்லாம் சரியா இருக்கா?” என்றார் அவர்.

“இருக்கு சார். ஆனா…”

“கிழிசல் இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் புத்தகத்துல என்னம்மா குறை?”

பேராசிரியரிடம் போனாள். அவருடைய பிரதி, வந்த உறை பிரிக்கப்படாமல் மேசை மேல் கம்பீரமாக இருந்தது. அவள் பாதி சொல்வதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது. “என் புத்தகத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? உள்ளது உள்ளபடி எடுத்து எழுது.”

உள்ளது உள்ளபடியே எழுதினாள். பக்க எண் உட்பட.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி, ஓரிடத்தில் நிறுத்தி உரக்கப் படித்தார்: “இடம் குறைந்தால் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். அலகின் நுனியை மழுக்கினால் அமைதி திரும்பும்.” தன் ஐந்து வருட உழைப்பு அத்தோடு ஒழிந்தது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“குடிமக்களைத்தான் அப்படிச் சொல்லியிருக்கேன்,” என்றார் பேராசிரியர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. “எழுதும்போதே கண் கலங்கிடுச்சு.”

வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோய் பற்றிய பகுதியைத் தேர்வாளர் தனியே குறிப்பிட்டுப் பாராட்டினார். நிர்வாகச் சீர்கேட்டுக்கு இவ்வளவு துணிச்சலான உருவகத்தைத் தம் அனுபவத்தில் கண்டதில்லை என்றார். பட்டம் ஒருமனதாக வழங்கப்பட்டது. அவளது ஆய்வேடும் கனம் பார்க்கப்பட்டுப் பேழைக்குள் போனது. அறிவு இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்படுகிறது.

ஒரு பிரதியை அவள் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அடுத்த மாதம் அம்மா கூப்பிட்டாள். இப்போது டாக்டர் என்பதால் தைரியமாக எடுத்தாள்.

“ஒரு வரி விடாம படிச்சேன்டி,” என்றாள் அம்மா. “நீ எழுதின மாதிரியே நம்ம கோழிக் கூட்டுல ஈரம் இல்லாம பாத்துக்கிட்டேன். ஒரு கோழிகூட சாகல. அந்த ராஜாக்களைப் பத்தி எழுதினதுதான் ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்ல. பட்டம் குடுக்கிறதுக்கு முன்னாடி அங்க யாராச்சும் படிச்சுப் பாத்தாங்களா?”

புதிய டாக்டர் அழைப்பைத் துண்டித்தாள்.