மேல்வீட்டுக்காரர் கால்

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி என் காலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. போன வாரம் மேல்வீட்டுக்காரர் காலைப் பற்றிச் சொன்னாள்.

அந்த ஆள் பழைய மாடல் கூடைப்பந்து ஷூ வாங்கியிருந்தார். வெள்ளைத் தோல், கணுக்காலைச் சுற்றிச் சிவப்புப் பட்டை, முன்பக்கம் குட்டிக் குட்டித் துளைகள். பந்தைக் கையால் தொட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் படியிறங்கினால் என் மனைவி பெருக்குவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. முன்பு ஒருநாள் அதே ஷூவை அவள் தனக்குக் கேட்டபோது, உனக்கெதுக்கு என்று நான் தட்டிக் கழித்தது வேறு விஷயம்.

அன்று மாலையே அவளோடு கடைக்குப் போனேன். என் அளவு ஷூவில் கால் மெத்தையில் படுத்த மாதிரி இருந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"படகு மாதிரி இருக்குங்க."

"காலுக்கு இதமா இருக்கே."

"மேல்வீட்டுக்காரர் கால் எவ்வளவு அடக்கமா இருக்கு. உங்களுக்கு வராதுன்னா விடுங்க."

விடுவேனா? இரண்டு அளவு சின்னதாக வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைத் திணித்தேன். "இப்பதாங்க அம்சமா இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக வீடு வரை நடந்தே வந்தேன். விரல்கள் ஐந்தும் ஒன்றாகிப் போயின.

மறுநாள் காலை, அந்த ஆளுக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டும் என்று மாடியேறினேன். உள்ளே கூப்பிட்டார். ஷூவை வாசலில் கழற்ற வேண்டியதாயிற்று. நிஜத்தைச் சொன்னால், சுகமாக இருந்தது.

அவர் நொண்டிக்கொண்டு வந்தார். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி.

"உங்க ஷூ எங்க சார்?"

"வீட்டுக்காரி போட்டுட்டுப் போயிருக்கா. அவளுக்குத்தான் கச்சிதமா இருக்கு." பெருமூச்சு விட்டார். "கீழ்வீட்டுக்காரர் கால் எவ்வளவு அடக்கம்னு சொல்லிச் சொல்லியே சின்ன அளவை என் தலையில கட்டிட்டா."

எனக்குச் சுருக்கென்றது. வாசலுக்கு ஓடினேன். என் ஷூவைக் காணோம். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தெருவில் எங்கள் மனைவிமார் இருவரும் கைவீசி நடந்துகொண்டிருந்தார்கள். நாலு கணுக்காலிலும் சிவப்புப் பட்டை. அளவெடுத்துத் தைத்த மாதிரி.

என் மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"அடுப்புல பால் வச்சிருக்கேங்க. ஓடிப்போய்ப் பாருங்க, இப்பதான் உங்க கால்ல ஷூ இல்லையே."