அரைச் செவிடருக்கு உள் அறை

அந்த வருஷம் ஈஸ்டர் என்னும் பாஸ்குத் திருநாளன்று தைரியராஜ் தன் வீட்டுப் படியேறக் கூடாது என்று ஸ்தனிஸ்லாஸ் தீர்மானம் செய்தார். தைரியராஜ் வேறு யாருமில்லை. மனைவி ரோசம்மாளின் உடன்பிறந்த தம்பி. அவன் தின்னும் சோறு பெரிதல்ல. சோற்றோடு அவன் பரிமாறும் கதைதான் பெரிது.

நாலு வருஷத்துக்கு முன்னால், சைக்கிள் பழகப் போன ஸ்தனிஸ்லாஸ் உய்யக்கொண்டான் வாய்க்காலில் விழுந்தார். கரையில் நின்ற ஒரே சாட்சி தைரியராஜ். முதல் வருஷம் அவன் சொன்னபோது தண்ணீர் முழங்கால் அளவு இருந்தது. அடுத்த வருஷம் இடுப்பளவு. போன பாஸ்குக்கு வாய்க்காலில் ஒரே வெள்ளம். எருமை ஒன்று வால் கொடுத்து மச்சானைக் கரையேற்றியது. விருந்துக்கு வந்தவர்கள் அந்த எருமைக்காக ஒரு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டார்கள்.

ரயில்வே ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர், ஸ்ரீரங்கத்துச் சௌரிராஜன், வழி சொன்னார்.

"ஓய், நான் அகத்துல ஆறு வருஷமா செவிடு. பெருமாள் கிருபை, க்ஷேமமா இருக்கேன்."

"இங்கே நல்லாத்தானே கேக்குது உமக்கு?"

"காவேரிப் பாலம் தாண்டினா அடைச்சுக்கும். முழுச் செவிடு ஆயிடாதேயும், வைத்தியனைக் கூட்டிண்டு வந்துடுவா. அரைச் செவிடு போதும். காதுல விழணும், தப்பா விழணும்."

அன்று சாயங்காலமே ஸ்தனிஸ்லாஸுக்குக் காது மந்தமாகிவிட்டது.

"என்னங்க, பாஸ்குக்குத் தைரியராஜைக் கூப்பிடணுங்க."

"தயிர் சாதமா? செய்யேன். தபசு காலத்துக்குப் பொருத்தந்தான்."

"தம்பிங்க! என் தம்பி!"

"கம்பியா? எந்த ஜன்னல்ல?"

"நீங்க நேர்ல போய்க் கூப்பிட்டாத்தான் வருவானாம்! போன தடவை மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்களாம்!"

"இஞ்சியா? நாளைக்கு வாங்கிட்டு வரேன்."

மறுநாள் நிஜமாகவே இஞ்சி வாங்கி வந்தார். கலைஞர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மூன்று வாரம் கத்திக் கத்தி ரோசம்மாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாஸ்குக்கு முந்தின பெரிய வாரம் பிறந்ததும் திடீரென்று கத்துவதை நிறுத்தினாள். "பாவம், உங்களுக்கு நிஜமாவே ஏதோ கோளாறுங்க" என்று கையைத் தடவிக் கொடுத்தாள். ஸ்தனிஸ்லாஸ் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமான மனிதர் செய்யக் கூடிய தவறா அது?

பாஸ்குக்குள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தே ஆக வேண்டும். சனிக்கிழமை காலை கோயிலில் நல்ல கூட்டம். தட்டிக்கு அந்தப் பக்கம் சின்ன சாமியார் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக முழந்தாளிட்டுத் தங்கள் பாவங்களைக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற ஸ்தனிஸ்லாஸின் கையைக் கோயில் உபதேசியார் வந்து பிடித்தார்.

"உங்களுக்கு இங்க இல்லீங்க. காது கேளாதவங்களுக்கு உள் அறை. பெரிய சாமி காத்திருக்காங்க. உங்க வீட்டம்மா முந்தாநாளே வந்து சொல்லிட்டாங்க."

ஸ்தனிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் ரோசம்மாள் முக்காட்டுக்குள் கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

உள் அறையில் பெரிய சாமி மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணி எவ்வளவு நாளாச்சு?"

கூரைப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. வெளியே கிசுகிசுப்பெல்லாம் நின்றுபோயிற்று.

"ஒரு வருஷம், சாமி" என்று முணுமுணுத்தார்.

"என்ன பாவம் பண்ணினே? சத்தமாச் சொல்லு!"

செவிடாகவே இருந்தால், ஆபீஸ் பென்சில் உட்பட அவருடைய பாவங்கள் அவர் குடியிருக்கும் பாலக்கரைக்கே மனப்பாடமாகிவிடும். அதோடு, பொய் சொல்லும் இடமா அது? ஸ்தனிஸ்லாஸ் சாமியின் காதருகே குனிந்தார்.

"சாமி, மெதுவாப் பேசுங்க. எனக்குக் காது நல்லாவே கேக்கும்."

 சாமி மிகவும் மெதுவான குரலில் பேசினார். கால் மணி நேரம் பேசினார். பாவத்துக்கு அபராதம் என்ன விதித்தார் என்பது அவர்கள் இருவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும். ஒரு சொல்கூட அறையைத் தாண்டவில்லை.

ரகசியம் தப்பித்தது என்ற நிம்மதியோடு வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் ரோசம்மாள் நின்றாள். அவளைச் சுற்றித் தெருப் பெண்கள் நாலைந்து பேர், முக்காட்டைக் கடித்துக்கொண்டு.

"ஏங்க, சாமி ரெண்டே கேள்விதான் கத்துனாங்க. அப்புறம் கால் மணி நேரமாச் சத்தத்தையே காணோமே?"

ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். சாமி சொன்னது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

ரோசம்மாள் குரலைத் தாழ்த்தினாள். வேப்பிலை உதிர்வது அதைவிடச் சத்தமாக இருந்திருக்கும். "தம்பி வீட்டு வழியாப் போகலாங்க. நீங்களே கூப்பிடுங்க."

"சரி, கூப்பிடுறேன்" என்றார், முதல் தடவையிலேயே.

மறுநாள் விருந்து முடிந்தது. எல்லாரும் எருமைக்காகக் காத்திருந்தார்கள். தைரியராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அந்த வாய்க்கால் கதை பழசாப் போச்சு மச்சான். அக்கா புதுசா ஒண்ணு சொல்லிச்சு."